பட்டியலில் முதல் பெயர்: தருமபுரியில் அறுவை சிகிச்சைகளை மீண்டும் தொடங்கியது குறித்த ஒரு நிகழ்வு ஆய்வு

கொரோனா இரண்டாம் அலையின்போது நிறுத்திவைக்கப்பட்ட திட்டமிட்ட அறுவை சிகிச்சைகளை, தருமபுரி மாவட்டத்தில் பெங்களூரு–சேலம் நெடுஞ்சாலையை ஒட்டி இரண்டே அறுவை அரங்குகளுடன் இயங்கும் ஒரு மருத்துவமனை 2021-ஆம் ஆண்டு ஜூன் மாதத்திலிருந்து எவ்வாறு மீண்டும் தொடங்கியது என்பதை இந்த ஆய்வு பதிவு செய்கிறது. மருத்துவமனையின் பெயர் தவிர்க்கப்பட்டுள்ளது. நோயாளிகளை அடையாளம் காட்டக்கூடிய விவரங்கள் மாற்றப்பட்டுள்ளன. மயக்கவியல் பிரிவின் பார்வையிலிருந்து எழுதப்படுவதால், அறுவை நுட்பத்தைவிட அதற்கு முன்னும் பின்னும் நடப்பவற்றுக்கே இதில் கூடுதல் இடம் தரப்பட்டுள்ளது.

ஏப்ரல் கடைசி வாரத்தில் திட்டமிட்ட அறுவை சிகிச்சைகள் நின்றன. மே 10 அன்று மாநிலம் முழுவதும் ஊரடங்கு தொடங்கியபோது, அரங்குக்கு வெளியே இருந்த மயக்கம் தெளியும் அறை ஆக்ஸிஜன் வார்டாக மாறியிருந்தது. அரங்கச் செவிலியர்களில் பாதிப்பேர் அங்கே பணியில் இருந்தார்கள். அவசர அறுவைகள் எந்த நாளிலும் நிற்கவில்லை. சிசேரியன், வெடித்த குடல்வால், தொப்பூர் கணவாயில் லாரி மோதி வந்த எலும்பு முறிவு ஆகியவை ஊரடங்கு பார்த்து வருவதில்லை. நின்றவை குடலிறக்கம், பித்தப்பைக் கல், கர்ப்பப்பைக் கட்டி, மூலம், தைராய்டு வீக்கம் போன்றவை. இவற்றை நாள் குறித்துச் செய்வதால் அவசரமற்றவை என்று நாம் பேச்சுவழக்கில் சொல்லிவிடுகிறோம். அந்தச் சொல் இரண்டு வாரத் தாமதத்துக்குப் பொருந்தலாம். இரண்டு மாதத்துக்குப் பொருந்தாது.

அரங்கை மறுபடி திறப்பதில் பெரிய சிக்கல் இல்லை. யாரை, எந்த நாளில், எந்த வகை மயக்கத்தில் முதலில் அழைப்பது என்பதில்தான் சிக்கல் இருந்தது. இடைப்பட்ட வாரங்களில் நோயாளி மாறியிருந்தார், இயந்திரம் மாறியிருந்தது, பணியாளரின் உடல்நிலை மாறியிருந்தது. மார்ச் மாதத்தில் எழுதிய பட்டியல் மட்டும் எழுதியபடியே இருந்தது. அந்தப் பட்டியலை அப்படியே மேலிருந்து கீழாகப் பின்பற்றியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை, பின்னர் வரும் இரு நோயாளிகளின் கதை காட்டும்.

தொடங்கலாம் என்ற முடிவு

அமெரிக்க அறுவை மருத்துவர், மயக்கவியலாளர், அரங்கச் செவிலியர், மருத்துவமனை ஆகியோரின் சங்கங்கள் 2020 ஏப்ரல் 17 அன்று கூட்டாக வெளியிட்ட வழிகாட்டுதல், அந்தப் பகுதியில் புதிய தொற்றுகள் குறைந்தது 14 நாள் தொடர்ந்து இறங்குமுகமாக இருந்தால் மட்டுமே திட்டமிட்ட அறுவைகளைத் தொடங்கலாம் என்றது. இதில் ‘அந்தப் பகுதி’ என்பது எது என்ற கேள்வி எங்கள் ஊருக்கு முக்கியமானது. பென்னாகரம், பாலக்கோடு பக்கத்துக் குடும்பங்களில் பெங்களூருவில் கட்டட வேலைக்கும் கம்பெனி வேலைக்கும் போய்வருபவர் இல்லாத வீடு குறைவு. ஓசூர் வழியாக அந்தப் போக்குவரத்து ஊரடங்கிலும் முழுமையாக நின்றதில்லை. எனவே தருமபுரியின் எண்ணிக்கையை மட்டும் பார்க்காமல் கிருஷ்ணகிரி, சேலம், பெங்களூரு நகரம் ஆகியவற்றின் எண்ணிக்கையையும் சேர்த்தே பார்ப்பது என்று முடிவாயிற்று. முந்தைய ஆண்டின் அனுபவமும் இதற்குக் காரணம். 2020 மே தொடக்கத்தில் தமிழ்நாட்டில் பச்சை மண்டலமாக அறிவிக்கப்பட்டிருந்த ஒரே மாவட்டம் கிருஷ்ணகிரி. அந்தப் பச்சை நீண்ட நாள் நிலைக்கவில்லை.

தொற்று எண்ணிக்கையைவிட எங்களை அதிகம் கட்டிப்போட்டது ஆக்ஸிஜன். ஒரு பெரிய டி-வகை சிலிண்டரில் ஏறத்தாழ 7,000 லிட்டர் வாயு இருக்கும். மூக்கு வழியாக நிமிடத்துக்கு 60 லிட்டர் வரை செலுத்தும் உயர் ஓட்டக் கருவியில், முழு ஆக்ஸிஜனில் இருக்கும் ஒரே ஒரு கொரோனா நோயாளி அந்தச் சிலிண்டரை இரண்டு மணி நேரத்துக்குள் தீர்த்துவிடுவார். முதுகில் மரக்கவைக்கும் ஊசி போட்டுச் செய்யும் ஒரு மணி நேரக் குடலிறக்க அறுவையில், முகக்கவசம் வழியே நிமிடத்துக்கு நான்கு லிட்டர் கொடுத்தாலும் 240 லிட்டர்தான் செலவு. பலருக்கு அதுவும் தேவைப்படாது. இந்தக் கணக்கைக் கரும்பலகையில் எழுதிக் காட்டிய பிறகே, ‘அறுவை தொடங்கினால் வார்டுக்கு ஆக்ஸிஜன் போதாது’ என்ற அச்சம் நிர்வாகத்துக்குத் தணிந்தது. ஆனால் அதே கணக்கு மறுபக்கமும் வெட்டும். அறுவைக்குப் பின் ஒரே ஒருவருக்கு நுரையீரல் பாதித்து உயர் ஓட்டக் கருவி தேவைப்பட்டால், அவர் ஒருவரே பல அறுவைகளுக்கான ஆக்ஸிஜனை ஒரு பகலில் எடுத்துக்கொள்வார். ஆகவே வார்டின் இரண்டு நாள் தேவை கையிருப்பில் இருந்தால் மட்டுமே மறுநாள் பட்டியல் போடப்படும் என்றும், அந்த முடிவை மாலை சிலிண்டர் அறைக் கணக்கைப் பார்த்த பின் மயக்கவியல் பிரிவே எடுக்கும் என்றும் விதி செய்துகொண்டோம்.

அரங்கும் காற்றும்

இரண்டு அரங்குகளும் ஒரே தரத்தில் இல்லை. புதிய அரங்கில் காற்றை வடிகட்டி உள்ளே தள்ளும் மையக் கருவியும் மிக நுண்ணிய துகள்களைப் பிடிக்கும் ஹெபா வடிகட்டியும் உண்டு; தரச்சான்று விதிகள் கேட்கும் மணிக்கு 20 முறை காற்று மாற்றம் அங்கே கிடைக்கிறது. பழைய அரங்கில் சுவரில் மாட்டிய ஸ்பிளிட் ஏ.சி. மட்டுமே. அது அறைக்குள் இருக்கும் காற்றையே குளிர்வித்துச் சுற்றிவிடும், வெளிக்காற்றைக் கொண்டுவராது. கொரோனாவுக்கு முன்பு இந்த வேறுபாட்டை நாங்கள் வசதிக் குறைவாக மட்டுமே கருதினோம். மூச்சுக்குழாயில் குழாய் செலுத்தும்போதும் எடுக்கும்போதும் நோயாளியின் சளித்துகள்கள் காற்றில் மிதக்கும் என்ற நிலையில், அது பாதுகாப்புக் கேள்வியாகிவிட்டது.

மணிக்கு 20 முறை காற்று மாறும் அறையில், மிதக்கும் துகள்களில் 99 சதவீதம் நீங்க 14 நிமிடமும் 99.9 சதவீதம் நீங்க 21 நிமிடமும் ஆகும். மணிக்கு ஆறு முறை மட்டுமே மாறும் அறையில் இவை முறையே 46, 69 நிமிடங்கள். பழைய அரங்கில் ஆறு முறைகூட மாறுகிறது என்று சொல்ல எங்களிடம் ஆதாரம் இல்லை. எனவே பொது மயக்கம் தேவைப்படும் அறுவைகள் அனைத்தும் புதிய அரங்கில், ஒவ்வொன்றுக்கும் இடையே அரைமணி நேர இடைவெளியுடன். பழைய அரங்கில் முதுகு ஊசியிலோ இடத்தை மட்டும் மரக்கவைக்கும் ஊசியிலோ செய்யக்கூடியவை மட்டும். இந்தப் பிரிவினையால் ஒரு நாளில் செய்யக்கூடிய அறுவைகள் பாதியாகக் குறைந்தன. அதை யாரும் விரும்பவில்லை. ஆனால் மாற்று வழியும் இல்லை.

வாரக்கணக்கில் அரைகுறையாக ஓடிய அரங்கை முழுவீச்சில் ஓட்டத் தொடங்கும்போது எதையெல்லாம் பார்க்க வேண்டும் என்பது பாடநூல்களில் ஒரே இடத்தில் கிடைப்பதில்லை. மயக்க இயந்திரத்தில் கரியமில வாயுவை உறிஞ்சும் சோடா லைம் குருணைகள், ஆக்ஸிஜன் குழாய் திறந்தபடியே இருந்தால் ஈரம் இழந்து காய்ந்துவிடும். காய்ந்த குருணைகள் ஐசோஃப்ளூரேன் போன்ற மயக்க ஆவிகளுடன் வினைபுரிந்து கார்பன் மோனாக்ஸைடை உண்டாக்கக்கூடும். குருணையின் நிறம் மாறுவது அதன் உறிஞ்சும் திறன் தீர்ந்ததைக் காட்டும், காய்ந்துபோனதைக் காட்டாது. ஆகவே வெள்ளையாக, பார்வைக்குப் புதிதாக இருந்தவற்றையும் சேர்த்து எல்லாவற்றையும் கொட்டிவிட்டு மாற்றினோம். இயந்திரத்தின் மாற்று பேட்டரி பத்து நிமிடம்கூடத் தாங்காத நிலையில் இருந்தது. மின்சாரம் போய் ஜெனரேட்டர் எடுக்கும் வரையிலான இடைவெளியில் பேட்டரியை நம்பி இருக்கும் ஊரில் இது சிறிய விஷயமன்று.

கருவிப் பெட்டிகளைத் திறந்தபோது, ரத்தக்குழாயைப் பிடிக்கும் கவ்விகள் சிலவற்றின் கீல் பொருத்தில், இரண்டு கைகளும் ஒன்றுக்குள் ஒன்று புகும் அந்த இடுக்கில், மெல்லிய துருக்கோடு தெரிந்தது. வெளியே பளபளப்பாக இருக்கும். கவ்வியை முழுக்க விரித்து வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால்தான் தெரியும். அவசரமாகக் கழுவி, ஈரம் உலராமல் மூடிவைத்ததன் விளைவு அது. கருவிகளின் கிருமிகளை நீராவியால் அழிக்கும் கலனான ஆட்டோகிளேவின் நீராவி, துருப்பிடித்த இடுக்கில் சரியாகச் சேராது. மூத்த அரங்கச் செவிலியர் ஒருவர் எல்லாக் கவ்விகளையும் ஒவ்வொன்றாக விரித்துப் பார்த்துத் தள்ளுபடி செய்தார். அந்த வேலைக்காகவே முதல் பட்டியல் ஒரு நாள் தள்ளிப்போனது. ஆட்டோகிளேவும் வெறும் நிறமாறும் ஒட்டுநாடாவை நம்பி அனுமதிக்கப்படவில்லை. வெப்பம் தாங்கும் பாக்டீரியா ஸ்போர்கள் (உறங்குநிலை வித்துகள்) அடங்கிய குப்பியை உள்ளே வைத்து, அவை செத்துவிட்டன என்று தெரிந்த பிறகே பயன்பாட்டுக்கு வந்தது.

ஃபார்மலின் புகை போட்டுவிட்டால் அரங்கு சுத்தமாகிவிடும் என்ற நம்பிக்கை நம் பக்கத்து மருத்துவமனைகளில் இன்னும் ஆழமாக இருக்கிறது. தரையையும் மேசையையும் சோப்பு நீரில் தேய்த்துக் கழுவி, ஹைப்போகுளோரைட் கரைசலால் துடைப்பதற்கு அது மாற்றாகாது. பணியாளரின் கண்ணையும் நுரையீரலையும் எரிப்பது தனிக்கணக்கு. புகை போடாமல் தொடங்குவதா என்று கேட்டவர்களைச் சமாதானம் செய்ய எடுத்துக்கொண்ட நேரம், தொற்றுத் தடுப்பைப் பற்றிப் பேசிய மற்ற எல்லா நேரத்தையும்விட அதிகம்.

பட்டியல்

காத்திருப்போர் பட்டியல் ஒரு நீளமான கணக்கு நோட்டு. பெயர், வயது, ஊர், நோய், தொலைபேசி எண், பதிவு செய்த தேதி. அந்தத் தேதியே வரிசை. 2020-இல் சிகாகோ பல்கலைக்கழக அறுவை மருத்துவர்கள் உருவாக்கிய மதிப்பெண் முறை இந்த வரிசையைக் கேள்வி கேட்க உதவியது. அறுவையின் தன்மை, நோயின் தன்மை, நோயாளியின் நிலை ஆகிய மூன்று தலைப்புகளில் 21 அம்சங்களுக்கு ஒன்று முதல் ஐந்து வரை மதிப்பெண் இடுவார்கள். கூட்டுத்தொகை 21-க்கும் 105-க்கும் இடையே வரும். தொகை கூடக்கூட அந்த அறுவையைத் தள்ளிவைப்பதே நல்லது என்று பொருள். பயனுள்ள முறைதான். ஆனால் அது ஒரு பெருநகரப் பல்கலைக்கழக மருத்துவமனைக்காக எழுதப்பட்டது. மலையிலிருந்து இறங்கி இரண்டு பேருந்து மாறி வரவேண்டிய நோயாளிக்கு இடையில் சிக்கல் வந்தால் எத்தனை மணி நேரத்தில் மருத்துவமனையை அடைவார் என்ற கேள்வி அதில் இல்லை. அதையும், கடைசியாகப் பார்த்த ஹீமோகுளோபின் அளவையும், கொரோனா வந்து எத்தனை வாரம் என்பதையும் நாங்கள் தனியே குறித்துக்கொண்டோம்.

மதிப்பெண் இடுவதற்கு முன் ஒவ்வொருவரிடமும் பேச வேண்டியிருந்தது. இந்த வேலையை வரவேற்பு மேசையிடம் விடாமல் இரண்டு செவிலியர்களுக்கு நாள்பணியாகவே ஒதுக்கினோம். அவர்களில் ஒருவருக்குக் கன்னடமும் தெலுங்கும் தெரியும். தளி, அஞ்செட்டி, வேப்பனப்பள்ளிப் பக்கத்திலிருந்து வந்து பதிந்த நோயாளிகளிடம் அவரவர் வீட்டு மொழியில் பேசியபோதுதான் மூச்சிரைப்பு, காய்ச்சல், வீட்டில் யாருக்குத் தொற்று வந்தது என்ற விவரங்கள் முழுமையாக வந்தன. சிலர் பெங்களூருவில் அறுவை செய்துகொண்டிருந்தார்கள். சிலர் மாம்பழக்கூழ்த் தொழிற்சாலை வேலைக் காலம் முடிந்த பிறகு வருகிறோம் என்றார்கள். சில எண்களில், எடுத்தவர் நோயாளியின் மகனாகவோ மகளாகவோ இருந்து, அவர் தவறிவிட்டதைச் சொன்னார்கள். அத்தகைய அழைப்புக்குப் பிறகு அடுத்த எண்ணைச் சுழற்றுவதற்கு முன் அந்தச் செவிலியர்களுக்குச் சிறிது நேரம் தேவைப்பட்டது. ஒரு பணி நாளில் இத்தனை அழைப்பு முடிக்க வேண்டும் என்ற இலக்கு வைக்காததற்கு அதுவே காரணம்.

கீழே இருந்து மேலே வந்தவர்

நாற்பதுகளின் நடுவில் இருந்த ஒரு பெண்மணி, அரூர் பக்கத்து மலைக்கிராமத்தைச் சேர்ந்தவர். கர்ப்பப்பைச் சதைக்கட்டியால் மாதவிடாய் மிகுதியாகப் போகிறது என்று மார்ச் மாதம் பதிந்தவர். அப்போது ஹீமோகுளோபின் 9.6 கிராம். கர்ப்பப்பையை அகற்றும் அறுவைக்கு நாள் கேட்டவர்களில் அவர் பெயர் பட்டியலின் கடைசிப் பக்கத்தில் இருந்தது. அவர் கொடுத்திருந்த எண்ணில் மணி அடிக்கவே இல்லை. ஊரில் சிக்னல் கிடைக்கும் இடம் ஒரு பாறைமேடு மட்டுமே என்பது பின்னால் தெரிந்தது. ஆரம்ப சுகாதார நிலையத்தின் கிராம சுகாதார செவிலியர் வழியாகச் செய்தி அனுப்பியபோது, ‘அந்த அக்கா இப்ப நாலு அடி நடந்தாலே உட்கார்ந்துக்கறாங்க மேடம்’ என்று பதில் வந்தது.

அழைத்துவந்து பார்த்தபோது ஹீமோகுளோபின் 5.9. ஊரடங்கில் மாத்திரை வாங்க இறங்கிவர முடியாமல், ரத்தப்போக்கைக் கட்டுப்படுத்தும் மருந்தும் இரும்புச்சத்து மாத்திரையும் இரண்டு மாதமாக நின்றிருந்தன. தேதி வரிசைப்படி காத்திருந்தால் இன்னும் ஆறேழு வாரம் ஆகியிருக்கும். அதற்குள் அடுத்த மாதவிடாயிலேயே அவர் அவசரப் பிரிவுக்கு வந்திருக்கக்கூடும், அல்லது வந்து சேராமலே போயிருக்கக்கூடும்.

அறுவைக்கு முன் ரத்தம் ஏற்ற வேண்டும். ரத்த வங்கியிலோ கையிருப்பு மிகக் குறைவு. நம் மாவட்டங்களில் ரத்த தானத்தின் முதுகெலும்பு கல்லூரி முகாம்கள், கல்லூரிகள் மூடியிருந்தன. தடுப்பூசி போட்டவர்கள் 28 நாள் ரத்தம் கொடுக்கக்கூடாது என்றிருந்த விதி மே மாதத்தில்தான் 14 நாளாகக் குறைக்கப்பட்டிருந்தது, அது பலருக்குத் தெரியவும் இல்லை. மருத்துவமனைப் பணியாளர்கள் மூவர் கொடுத்து, இரண்டு யூனிட் ரத்தச் சிவப்பணுக்களும் நரம்பு வழி இரும்புச்சத்தும் ஏற்றி, ரத்தப்போக்கை மருந்தால் அடக்கி, ஹீமோகுளோபின் ஒன்பதைத் தொட்ட பிறகு முதுகு ஊசியில் அறுவை நடந்தது. அதற்குப் பிறகு அவர் தேறிய விதத்தில் குறிப்பிடத்தக்கது எதுவும் இல்லை. இதிலிருந்து நாங்கள் எடுத்துக்கொண்ட நடைமுறை ஒன்று: ரத்தப்போக்கு நோயில் பட்டியலில் இருக்கும் எவருக்கும் பழைய ஹீமோகுளோபின் அறிக்கை கணக்கில் கொள்ளப்படாது, அருகில் உள்ள சுகாதார நிலையத்தில் புதிதாகப் பார்த்த பின்பே மதிப்பெண்.

முதலில் இருந்து காத்திருந்தவர்

பட்டியலின் முதல் பெயர் பென்னாகரம் பக்கத்து மானாவாரி விவசாயி ஒருவருடையது. வயது அறுபதைத் தாண்டியவர்; வலது தொடையிடுக்கில் குடலிறக்கம்; படுத்தால் தானே உள்ளே போய்விடும். மே மாதம் நடுவில் கொரோனா வந்து, ஒரு வாரம் ஆக்ஸிஜனில் இருந்து வீடு திரும்பியிருந்தார். ஜூன் மாதம் அழைத்தபோது அவர் மகிழ்ச்சியோடு, ஆடிப்பட்டத்துக்கு நிலக்கடலை விதைக்குமுன் முடித்துவிடுங்கள் என்று கேட்டுக்கொண்டார்.

தொற்றுக்கும் அறுவைக்கும் இடையே எத்தனை நாள் வேண்டும் என்பதற்கு அந்த ஆண்டு மார்ச் மாதத்தில்தான் உறுதியான விடை கிடைத்திருந்தது. 116 நாடுகளில் 1,40,231 நோயாளிகளைத் தொகுத்த ஆய்வில், தொற்றே இல்லாதவர்களிடம் அறுவைக்குப் பின் 30 நாளில் இறப்பு 1.5 சதவீதம், தொற்று கண்ட முதல் நான்கு வாரத்துக்குள் அறுவை செய்தால் 4 சதவீதத்தை ஒட்டி, ஐந்தாறு வாரத்தில் 3.6, ஏழு வாரம் கடந்தால் மீண்டும் 1.5. ஆனால் ஏழு வாரத்துக்குப் பிறகும் அறிகுறிகள் நீங்காதவர்களிடம் அது 6 சதவீதமாக இருந்தது. இந்தக் கடைசி எண்ணைப் பலர் கவனிக்காமல் விடுகிறார்கள். ஏழு வாரம் என்பது நாள்காட்டியில் தாண்டிவிட வேண்டிய ஒரு கோடாக மட்டும் மாறிவிட்டது; மூச்சிரைப்பு நின்றதா என்று கேட்பது அதைவிட முக்கியம். அதற்கும் முந்தைய ஆண்டு லான்செட் மருத்துவ இதழில் வந்த முதல் ஆய்வு, அறுவையை ஒட்டித் தொற்று இருந்த 1,128 பேரில் 23.8 சதவீதத்தினர் 30 நாளுக்குள் இறந்ததையும் பாதிக்கு மேற்பட்டோருக்கு நுரையீரல் சிக்கல் வந்ததையும் காட்டியிருந்தது.

ஜூலை முதல் வாரத்தில் ஏழு வாரம் முடிந்து அவர் வந்தார். நாற்காலியிலிருந்து ஒரு நிமிடம் எழுந்து எழுந்து உட்காரச் சொன்னபோது ஆக்ஸிஜன் அளவு 97-லிருந்து 91-க்கு இறங்கியது. ரத்தச் சர்க்கரை 270-ஐத் தாண்டி இருந்தது. கொரோனாவுக்குக் கொடுத்த டெக்ஸாமெதாசோன் என்ற ஸ்டீராய்டு மருந்து மறைந்திருந்த நீரிழிவை வெளிக்கொண்டுவந்திருந்தது. குடலிறக்கத்துக்கு வலை வைத்துத் தைக்கும் அறுவையில் இந்தச் சர்க்கரையோடு போவது புண் சீழ்பிடிக்க அழைப்பு வைப்பது போல.

இவற்றோடு இந்த மண்ணுக்கே உரிய ஒரு சிக்கலும் சேர்ந்தது. அவருடைய பற்களில் பழுப்புக் கறை. கழுத்தைப் பின்னால் சாய்க்க முடியவில்லை. முதுகை வளைக்கச் சொன்னால் இடுப்பில் மடங்கினாரே தவிர முதுகெலும்பு கம்புபோல் நேராகவே நின்றது. ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் ஃபுளோரைடு மிகுந்த பகுதியில் ஐம்பது ஆண்டுக்கு மேல் வாழ்ந்த எலும்புகள் அவை. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் 2013-இல் வந்தது; அதற்குள் இறுகிவிட்ட தசைநார்களைத் தண்ணீர் திரும்ப இளக்காது. கொரோனா காலத்தில் உலகெங்கும் மயக்கவியலாளர்களுக்குச் சொல்லப்பட்ட அறிவுரை, முடிந்தவரை பொது மயக்கத்தைத் தவிர்த்து முதுகு ஊசியைத் தேர்ந்தெடுங்கள் என்பது. ஃபுளோரோசிஸ் எனப்படும் இந்த ஃபுளோரைடு நோய் முற்றிய முதுகில் தசைநார்கள் சுண்ணாம்பேறி, முள்ளெலும்புகளுக்கு இடையே ஊசி நுழையும் வழி அடைபட்டிருக்கும். அது தோற்றால் பொது மயக்கத்துக்குத் திரும்ப வேண்டும். கழுத்து வளையாதவருக்கு மூச்சுக்குழாயில் குழாய் செலுத்துவது அதைவிடக் கடினம். செலுத்தும் முயற்சி நீள நீளச் சுற்றி நிற்பவர்கள்மேல் படும் துகள்களும் கூடும். தருமபுரி மாவட்டத்துக்கு வழிகாட்டுதல் எழுதுபவர் யாராயினும், முதுகு ஊசி என்ற வரிக்கு அருகே இந்தக் குறிப்பையும் எழுத வேண்டும் என்பது என் கருத்து.

தள்ளிவைப்பதில் உள்ள ஆபத்தையும் எடைபோட வேண்டியிருந்தது. தொந்தரவு குறைவான குடலிறக்கத்தைப் பார்த்துக்கொண்டே காத்திருப்பது குறித்து 2006-இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வில், குடல் திடீரெனச் சிக்கிக்கொள்வது ஆயிரம் நோயாளி-ஆண்டுகளுக்கு, அதாவது ஆயிரம் பேரை ஓராண்டு கவனித்தால், 1.8 என்ற அளவிலேயே இருந்தது. எனவே அவருக்குக் காத்திருப்பது பாதுகாப்பானது. இதை அவருக்கு எண்ணாகச் சொல்லவில்லை. வீக்கம் உள்ளே போகாமல் கல்லாகி நின்றாலோ, வலியோடு வாந்தி வந்தாலோ ராத்திரி என்றும் பாராமல் 108-ஐ அழைக்கச் சொல்லி, அதை அவர் மனைவி, மகன் இருவரிடமும் திருப்பிச் சொல்லவைத்தோம். வலை வைத்த பிறகு ஒன்றிரண்டு மாதம் மூட்டை தூக்கக்கூடாது என்பதால், அவர் கேட்டபடி ஜூன் மாதமே செய்திருந்தாலும் ஆடி விதைப்பில் அவர் கை வைத்திருக்க முடியாது. அந்த விவரத்தை மார்ச் மாதத்தில் அவரிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை. கேட்டதும், ‘அப்போ வெதச்சிட்டே வரேன் சார்’ என்றார்.

மகன் விதைக்க, அவர் வரப்பில் நின்று பார்த்துக்கொள்ள, விதைப்பு முடிந்தது. ஆகஸ்ட் கடைசியில் சர்க்கரை கட்டுக்குள் வந்து, நாற்காலிச் சோதனையில் ஆக்ஸிஜன் இறங்காமல் நின்ற பிறகு, அறுவை நடந்தது. முதுகில் ஊசி முயற்சி செய்யப்படவே இல்லை. தொடையிடுக்கு நரம்புகளைச் சுற்றியும் தையல் இடத்திலும் மரக்கவைக்கும் மருந்து செலுத்தி, அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே வலை வைத்துத் தைக்கப்பட்டது. நம் பகுதியில் வழக்கொழிந்துவரும் இந்த முறை காற்றில் துகள் பரப்பாது, ஆக்ஸிஜன் கேட்காது, பழைய அரங்கிலேயே செய்யலாம். இதை அன்றாடப் பழக்கமாக வைத்திருக்க வேண்டும் என்று அதற்குப் பிறகு அறுவைப் பிரிவே சொல்லத் தொடங்கியது.

ஒரு தொற்று

தொடங்கிய சில வாரங்களில், பித்தப்பை அகற்றிய ஒருவருக்கு மூன்றாம் நாள் காய்ச்சல் வந்து, பரிசோதனையில் கொரோனா உறுதியானது. அறுவைக்கு முந்தைய ஆர்.டி.-பி.சி.ஆர். அறிக்கையில் தொற்று இல்லை. அறிக்கை பொய்யன்று, மாதிரி எடுத்தது அறுவைக்கு மூன்று நாள் முன்பு, அதற்கு மறுநாள் அவர் உறவினர் வீட்டு வளைகாப்புக்குப் போய்வந்திருந்தார். தொற்று நுழைந்து எட்டாம் நாளில், அதாவது இந்தச் சோதனை மிக நன்றாகக் கண்டுபிடிக்கும் நாளில்கூட, ஐந்தில் ஒருவருக்குத் தவறாக ‘இல்லை’ என்று வரும். தொற்று நுழைந்த முதல் நாள்களில் ஏறக்குறைய எல்லாருக்கும் அப்படித்தான் வரும். அவர் ஆக்ஸிஜன் தேவைப்படாமலே தேறினார். குழாய் செலுத்தியபோது அரங்கில் இருந்தவர்கள் அனைவரும் என்-95 முகக்கவசம் அணிந்திருந்தார்கள். அவர்களில் யாருக்கும் தொற்று வரவில்லை.

இதன்பின் மாதிரி எடுத்த நாளிலிருந்து அறுவை வரை வீட்டிலேயே இருக்க வேண்டும் என்பது எழுத்தில் வாங்கப்பட்டது. ஆனால் அதைவிடப் பயன்பட்டது, அரங்க வாசலில் கேட்கப்பட்ட ஒரு கேள்வி. உலக சுகாதார நிறுவனத்தின் 19 அம்சப் பாதுகாப்புப் பட்டியலில், மயக்கம் கொடுக்கும் முன் வாசிக்கப்படும் பகுதியோடு, ‘சோதனைக்குப் பிறகு எங்கே போனீர்கள், வீட்டில் யாருக்கு உடம்பு சரியில்லை’ என்ற வரியைச் சேர்த்தோம். எங்கேயாவது போனீர்களா என்று கேட்டால் இல்லை என்றே பதில் வரும். எங்கே போனீர்கள் என்று கேட்டால் சந்தை, கோயில், காரியம் என்று உண்மை வரும். அந்தப் பதிலால் அரங்க வாசலிலேயே திருப்பி அனுப்பப்பட்டவர்களும் உண்டு. திருப்பி அனுப்பப்பட்டவருக்கு அடுத்த நாள் எது என்று அங்கேயே எழுதிக் கொடுக்கப்பட்டது. அது இல்லாமல் அனுப்பினால் அவர் திரும்பி வருவது நிச்சயமில்லை.

வேகம்

தேங்கிய அறுவைகளை முகாம் போட்டு முடித்துவிடலாம் என்ற யோசனை ஜூலை மாதத்தில் எழுந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் இரண்டு அரங்குகளையும் காலை முதல் இரவு வரை ஓட்டினால் ஒரு மாதத்தில் பட்டியல் காலியாகும் என்றார்கள். நான் இதை எதிர்த்தேன். 2014 நவம்பரில் சத்தீஸ்கரின் பிலாஸ்பூர் அருகே ஒரே முகாமில் ஒரே மருத்துவர் சில மணி நேரத்தில் 83 பெண்களுக்குக் குடும்பக் கட்டுப்பாடு அறுவை செய்ததும், பத்துக்கும் மேற்பட்டோர் இறந்ததும் நாம் மறக்கக்கூடியவை அல்ல. இரண்டு மாதம் கொரோனா வார்டில் இரவுப்பணி பார்த்த செவிலியரை மறுபடி அரங்கில் இரட்டைப் பணி பார்க்கச் சொல்வதில், அந்த அளவு இல்லாவிட்டாலும் அதே வகை ஆபத்து இருக்கிறது. உலக அளவில் முதல் அலையின் 12 வாரங்களில் 2 கோடியே 84 லட்சம் அறுவைகள் தள்ளிப்போயிருக்கும் என்று மதிப்பிட்ட ஆய்வு, வழக்கத்தைவிட 20 சதவீதம் கூடுதலாகச் செய்தாலும் தேக்கம் தீர 45 வாரம் ஆகும் என்றே கணக்கிட்டது. ஆகவே வாரத்துக்கு ஒரு கூடுதல் அரைநாள் மட்டும், அதுவும் பழைய அரங்கின் சிறு அறுவைகளுக்காக, ஒதுக்கப்பட்டது. செவிலியர்களும் மயக்கவியலாளர்களும் ஒருவரையொருவர் சந்திக்காத இரண்டு குழுக்களாகப் பிரிக்கப்பட்டார்கள்; ஒரு குழுவில் தொற்று வந்தாலும் மறு குழு நிற்கும் என்பது கணக்கு.

2022 ஜனவரியில் ஒமைக்ரான் அலை வந்து இரவு ஊரடங்கும் ஞாயிறு முழு ஊரடங்கும் மீண்டும் வந்தபோது, இந்தப் பிரிவினை காரணமாகத் திட்டமிட்ட அறுவைகளை முழுவதும் நிறுத்த நேரவில்லை. பொது மயக்கப் பட்டியல் மூன்று வாரம் சுருங்கியது. பழைய அரங்கில் இட மயக்க அறுவைகள் தொடர்ந்தன. ஏழு வார விதியும் பின்னர் தளர்ந்தது. தடுப்பூசி போட்ட, லேசான தொற்று வந்த, வேறு நோய் இல்லாதவருக்கு இரண்டு வாரம் கழித்து நிலையைப் பார்த்து முடிவு செய்யலாம் என்று 2023-இல் பிரிட்டன் மயக்கவியல் வழிகாட்டுதல் திருத்தப்பட்டது. நாற்காலிச் சோதனையை மட்டும் நாங்கள் இன்றுவரை கைவிடவில்லை. கொரோனா வந்ததோ இல்லையோ, அறுபது வயதைக் கடந்த எல்லாருக்கும் செய்கிறோம். காத்திருப்போருக்கு அழைத்துப் பேசும் பணியும் வாரம் ஒரு பிற்பகலாக நிலைத்திருக்கிறது. பழைய அரங்குக்குக் காற்று வடிகட்டும் கருவி கேட்டு அனுப்பிய மனுவுக்கு அனுமதி வந்துவிட்டது, கருவி இன்னும் வரவில்லை. அதுவரை அங்கே குழாய் செலுத்தும் அறுவை கிடையாது.